மாடல் ரயில்: ஓட்டவா, கட்டவா, சேர்க்கவா? ஒரே பலகையில் எதற்கு இடம்?

புதுப்பலகை கேட்டது:

வணக்கம். 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் பிளைவுட் பலகை, சக்கரம் வைத்த கால்களோடு தயார். தண்டவாளம் ஒரு துண்டுகூட இன்னும் வாங்கவில்லை. எச்ஓ ஸ்கேலா (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), அதைவிடச் சிறிய 'என்' ஸ்கேலா (160-ல் ஒரு பங்கு) என்பதும் முடிவாகவில்லை.

எந்தப் பக்கம் போனாலும் ஆளுக்கொரு பதில். ஒருவர் "டைம்டேபிள் போட்டு ஓட்டு, இல்லாவிட்டால் அலுத்துவிடும்" என்கிறார். இன்னொருவருக்கு மலையும் மரமும் போதும், எஞ்சினே இல்லாவிட்டாலும் கவலை இல்லை போலிருக்கிறது. வேறொருவர் பலகைக்கு அடியில் ஒயரோடு குடித்தனம் நடத்துகிறார். இவர்கள் எல்லாரும் செய்வது ஒரே பொழுதுபோக்குதானா?

என் கேள்வி: எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து முதலில் போடும் தண்டவாளமே மாறுமா? அல்லது பொதுவாக ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பிறகு யோசித்துக்கொள்ளலாமா? அளவு, எண்ணிக்கையோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாயின்ட்ஸ்மேன்:

மாறும். அடியோடு மாறும்.

ஷன்டிங் பிரியர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எந்த வேகனை எங்கே, எந்த வரிசையில் கொண்டுபோய் விடுவது என்கிற கணக்கில்தான் எங்களுக்கு ருசி. அதற்கு வட்டமே வேண்டாம். உங்கள் 1.2 மீட்டர் அகலத்தில் 30 செ.மீ. போதும்.

ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாயின்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப்பாதை). ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் 3, 3. பாயின்ட்டுக்கு மறுபக்கம் எஞ்சினும் 3 வேகனும் மட்டும் கொள்ளும் ஒரு முட்டுப்பாதை. மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 வேகன் எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே நீளமான சைடிங்கில் நிறுத்த வேண்டும். 8×7×6×5×4 என்று பெருக்கினால் 6,720 வரிசை வருகிறது. அலுக்காது.

எச்ஓ-வில் 40 அடி வேகன் 14 செ.மீ.; வேகன்களை இணைக்கும் கப்ளரோடு 15 என்று வையுங்கள். 5 வேகனுக்கு 75 செ.மீ., எஞ்சின் + 3 வேகனுக்கு 62 முதல் 65, இரண்டு பாயின்ட்டுக்கு 45. கூட்டினால் 185 செ.மீ. முட்டுப்பாதையைத் தாராளமாக நீட்டிவிடாதீர்கள். 4 வேகன் கொண்டால் புதிர் செத்துவிடும். அந்த இறுக்கத்தில்தான் விளையாட்டே இருக்கிறது.

சிக்கல் எங்கே வரும் என்றால் நடையில். நெடுந்தூரம் ஓடும் ரயிலில் தெரியாத குறையெல்லாம் ஷன்டிங்கில் பல்லிளிக்கும்:

– பாயின்ட்டின் நடுவில் இரு ரெயில் குறுக்கிடும் ஃபிராக் பிளாஸ்டிக்காக இருந்தால் அங்கே மின்சாரம் கிடையாது. நான்கு சக்கரக் குட்டி எஞ்சின் அதன்மேல் பொத்தென்று நிற்கும். உலோக ஃபிராக் வாங்குங்கள். பாயின்ட் மோட்டாரோடு சேர்ந்த சுவிட்ச் வழியாக, பாதை மாறும்போது ஃபிராக்கின் துருவமும் மாறும்படி ஒயர் கொடுங்கள்.

– எடை. என்எம்ஆர்ஏ (அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம்) பரிந்துரை எச்ஓ-வுக்கு அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குல வேகன் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். பின்னோக்கித் தள்ளும்போது தடம் புரளும் வேகன் பெரும்பாலும் இதைவிட இளைத்ததாகத்தான் இருக்கும்.

– சக்கர ஜோடியின் உட்பக்க இடைவெளி 14.4 மி.மீ. வாங்கியவுடன் அளந்து பாருங்கள். அச்சில் சக்கரம் ஒரு நூலளவு உள்ளே தள்ளியிருந்தாலும் ஃபிராக்கில் குதிக்கும்.

– கப்ளர் உயரம் எல்லா வேகனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கென்று உயர அளவி விற்கிறது. கண்மதிப்பு உதவாது.

டைம்டேபிள்காரர்கள் இதற்கு அடுத்த படி. வேகனுக்கு ஒரு அட்டை, சரக்குச் சீட்டு, கட்டுப்பாட்டாளர், வேகக் கடிகாரம் என்று போகும். கடிகாரத்தை 1:6 வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் 15 மணி நேரம் ஓடிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மெயின் லைன் தூரம் சுருங்கும், ஷன்டிங் சுருங்காது. கப்ளரைக் கழற்ற நிஜத்தில் ஆகும் நேரம் ஆகியே தீரும். யார்டில் நிற்பவர் திணறிப்போவார். யார்டு வேலை அதிகமுள்ள லேஅவுட்டுக்கு 1:3 அல்லது 1:4 தாண்ட வேண்டாம்.

---

சும்மாஓடட்டும்:

பாயின்ட்ஸ்மேன் சொன்னது ஆபீஸ் முடிந்து வந்து மறுபடி ஆபீஸ் போவது மாதிரி. (கோபிக்க வேண்டாம்.)

எங்கள் கட்சிக்கு எண்ணிக்கை அதிகம், சத்தம் குறைவு. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நீளமான ரயில் வளைவில் திரும்புவதைப் பார்ப்பது, அவ்வளவுதான். அதிலும் கணக்கு இருக்கிறது. உங்கள் பலகைக்கு அந்தக் கணக்குதான் ஸ்கேலையே தீர்மானிக்கும்.

வளைவின் ஆரம், ஓட்டும் பெட்டியில் மிக நீளமானதைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்க வேண்டும். 2 மடங்கில் சில பெட்டி ஓடும், சில முரண்டு பிடிக்கும். இப்போது 26 மீட்டர் நீளப் பயணிகள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1:87-ல் அது 299 மி.மீ.; மூன்று மடங்கு 90 செ.மீ. ஆரம். உங்கள் பலகையின் அகலம் 120. ஓரத்தில் ஒரு 4 செ.மீ. விட்டால் அதிகபட்சம் 56 செ.மீ. ஆரம்தான் கிடைக்கும். இரண்டு மடங்குகூட இல்லை! பெட்டியின் நடுப்பகுதி வளைவுக்கு உள்ளேயும் முனை வெளியேயும் துருத்திக்கொண்டு, பார்க்க ஊறுகாய் ஜாடியைச் சுற்றும் ஸ்கேல் குச்சி மாதிரி இருக்கும்.

அதே பெட்டி 'என்' ஸ்கேலில் (என்னுடையது என்று அர்த்தமில்லை, 1:160) 162 மி.மீ. மூன்று மடங்கு 49 செ.மீ. அழகாக உட்காரும். இந்தப் பலகையில் நீளப் பயணிகள் ரயிலை வேடிக்கை பார்ப்பதுதான் ஆசை என்றால் வேறு பேச்சே இல்லை, 'என்'. குட்டி எஞ்சின், குட்டி வேகன் என்றால் எச்ஓ தாராளம்.

இன்னும் இரண்டு விஷயம். தண்டவாளத்தைப் பலகை ஓரத்துக்கு இணையாகப் போடாதீர்கள். 5 முதல் 10 டிகிரி சாய்த்தாலே பலகை பெரிதாகத் தெரியும். அப்புறம், வட்டத்தில் பாதியைக் கண்ணிலிருந்து மறையுங்கள். குகையோ நீளமாக ஒரு தட்டியோ, பின்னால் ரயில் போய் 20 விநாடி கழித்து வரும்போதுதான் "வருது வருது" என்றிருக்கும். மறைவுப் பாதையில் பாயின்ட் மட்டும் வேண்டாம். தடம் புரண்டால் கை எட்டாது.

---

மண்ணும்பசையும்:

"எஞ்சினே இல்லாவிட்டாலும் கவலை இல்லை" என்று எங்களைத்தான் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. பாதி உண்மை. ரயில் ஒரு சாக்கு. அது போகிற நிலம்தான் எங்களுக்குக் காரியம். நீங்கள் இந்த ஜாதி என்றால் பலகையில் தண்டவாளம் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. முதலில் தட்டையான பிளைவுட்டை வெட்டுங்கள். நிலம் தண்டவாளத்துக்குக் கீழேயும் இறங்க வேண்டும், மேலே மட்டும் குவித்தால் கேக் மாதிரி இருக்கும். 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம் தகடு இரண்டை அடுக்கிச் செதுக்குவது சுலபம். ஆனால் கரைப்பான் கலந்த பசை பட்டால் ஃபோம் உருகிக் குழிவிழும். வெள்ளைப் பசை பூசி இரு தகட்டையும் ஒட்டினாலோ நடுவில் காற்றுப் போகாது, வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஃபோமுக்கென்றே வரும் பசையை எடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு எது பிடிக்கிறது என்று புரிய வேண்டுமானால் ஜல்லி போடும் வேலையைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

உலர்ந்த ஜல்லியைத் தாள் மடிப்பிலிருந்து தண்டவாளத்தின் நடுவே கொட்டி, மென்மையான தூரிகையால் ஸ்லீப்பர் மேல் ஒரு பருக்கைகூட இல்லாமல் தள்ளுவீர்கள். ரெயிலின் உட்பக்கம் ஒட்டிய பருக்கைதான் பிறகு சக்கர விளிம்பை டக் டக் என்று தட்டும், அதைக் குனிந்து பார்த்து விரலால் தட்டிவிட வேண்டும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தூரத்திலிருந்து மூடுபனி மாதிரி தெளிக்க வேண்டும். இந்த நனைப்பைத் தவிர்த்தால் பசைத்துளி முத்தாக உருண்டு ஜல்லியில் பள்ளம் பறிக்கும். நனைந்ததும் வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சொட்டுக்குழலால் ஸ்லீப்பர் இடுக்கில் விடுங்கள். பால் மாதிரி பரவி ஓரத்தில் கசியும்போது நிறுத்த வேண்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பாயின்ட்டில் நாக்கு (பாதை மாற்ற நகரும் ரெயில் முனை) அசையும் இடத்துக்குக் கீழே ஜல்லியே வேண்டாம், அங்கே அடித்தளத்துக்குக் கருஞ்சாம்பல் நிறம் பூசினால் போதும். காயும் வரை அவ்வப்போது நாக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருங்கள். போடுமுன் ஜல்லியில் காந்தம் ஓட்டிப் பாருங்கள். இரும்புத்துகள் இருந்தால் அது எஞ்சின் மோட்டாருக்குள்தான் போய்ச் சேரும்.

தண்டவாளத்துக்கு அடியில் கார்க் போட்டும் ரயில் ஓடும் சத்தம் குறையவில்லை என்று புலம்புபவர்கள் உண்டு. காரணம் இந்தப் பசைதான். கல்லாக இறுகி, தண்டவாளத்துக்கும் பிளைவுட்டுக்கும் பாலம் கட்டிவிடுகிறது. அதற்குப் பதில் மேட் மீடியம் (அக்ரிலிக் வகைப் பசை) என்றால் காய்ந்தாலும் கொஞ்சம் நெகிழும், பலகைக்குச் சத்தம் அவ்வளவாகப் போகாது.

வேகனுக்குப் பழமை பூசுவது தனிக் கலை. ஒரு எச்சரிக்கையோடு நிறுத்துகிறேன்: கரைப்பான் வகை மேட் வார்னிஷ் அடித்த பிறகு ஆல்கஹால் கலந்த மை பூசினால் வேகன் வெள்ளை பூத்துவிடும். வார்னிஷுக்கு மேல் தண்ணீர் வகை அக்ரிலிக் மட்டும். பூத்தே விட்டால் அதே வார்னிஷை மெல்லிதாக இன்னொரு முறை அடியுங்கள், பெரும்பாலும் மறையும்.

---

சிவி29:

பலகைக்கு அடியில் குடித்தனம் நடத்துபவன் ஆஜர்.

இது ஒன்றும் புது வியாதி இல்லை. எம்ஐடி மாணவர்களின் மாடல் ரயில் கிளப் 1946-ல் தொடங்கியது. அதில் தொலைபேசி ரிலேக்களை வைத்து சிக்னலும் மின்சாரமும் கவனித்த குழுவிலிருந்துதான் 'ஹேக்கர்' என்ற சொல் இன்றைய பொருளில் பரவியது. மேலே ஓடுவது ரயிலா எறும்பா என்பது எங்களுக்கு இரண்டாம்பட்சம். அது எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் சரி.

எந்தக் காரணத்துக்குச் செய்தாலும் ஒயரிங் ஒன்றுதான் என்பதால் சுருக்கமாக:

1. பலகை நெடுக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இரண்டு, அதுதான் பஸ். அதிலிருந்து மீட்டருக்கு ஒரு ஜோடி வீதம் 0.5 சதுர மி.மீ. ஒயர் தண்டவாளத்துக்கு. ரெயில் இணைப்பான் மின்சாரம் கடத்தும் என்று நம்பாதீர்கள். பெயின்ட்டும் பசையும் புகுந்து ஒரே வருஷத்தில் கைவிடும்.

2. சால்டரிங்: குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் ஸ்லீப்பர் உருகும். நல்ல சூடு, ஃபிளக்ஸ், இரண்டு மூன்று விநாடி. இருபுறமும் ஈரப்பஞ்சு.

3. காசு சோதனை: பூஸ்டரிலிருந்து (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) தூரமான இடத்தில் இரு ரெயிலுக்கும் குறுக்கே ஒரு காசு வையுங்கள். பூஸ்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒயர் மெல்லிது. நிஜமாகத் தடம் புரளும் நாளில் 5 ஆம்பியரும் போகி டிரக் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) வழியாக ஓடி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

4. டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) எஞ்சின் எல்லாம் பெரும்பாலும் முகவரி 3-ல் வரும். இரண்டாவது எஞ்சின் வாங்கியதும் முகவரியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். சிவி என்பது எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் சில்லின் அமைப்பு எண். சிவி 29-ல் 6 என்பது வழக்கமான மதிப்பு. நான்கு இலக்க முகவரிக்கு அதோடு 32 சேர்த்து 38. சாதா டிசி ஓட்டத்தை அணைக்க 4 கழித்து 34. கழித்துவிடுங்கள்; ஷார்ட் ஆகும் நேரத்தில் எஞ்சின் திடீரென முழுவேகத்தில் பாயும் கூத்து நிற்கும். குழம்பிப் போனால் சிவி 8-ல் 8 எழுதினால் பெரும்பாலான டிகோடர் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. சர்வோ மோட்டாரில் பாயின்ட் இயக்கினால் மின்சாரம் போட்டதும் ஒரு துள்ளு துள்ளும். கட்டுப்பாட்டுச் சில்லு முதலில் எழட்டும், சர்வோவுக்கான 5 வோல்ட் பிறகு வரட்டும்.

---

கடைசிப்பெட்டி:

சேகரிப்பவர்களை விட்டுவிட்டீர்கள். எங்களுக்குப் பலகையே வேண்டாம், கண்ணாடி அலமாரி போதும். 1891-ல் மார்க்லின் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தோடு ரயில் காட்டிய காலத்திலிருந்து இந்த இனம் இருக்கிறது.

பழைய துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் பொடியாகும். மருந்து கிடையாது. பக்கத்து மாடலுக்குத் தொற்றாது, ஆனால் ஈரப்பதம் கூடினால் வேகமெடுக்கும். 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பழைய பஞ்சுமெத்தை காலப்போக்கில் பிசுபிசுத்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும், நடுவில் அமிலமற்ற தாள் சுற்றுங்கள். எஞ்சினை மாதம் ஒரு முறை இரு திசையிலும் பத்து பத்து நிமிடம் ஓடவிட்டால் கிரீஸ் இறுகாது. ரப்பர் வளையம் போட்ட சக்கரத்தை அலமாரியில் ரெயில்மேல் நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

வருஷம் ஒன்றைப் பிடித்துக்கொள்பவர்கள் எங்களுக்கு நேர் எதிர். ஐரோப்பியத் தயாரிப்புப் பெட்டிகளில் காலகட்டம் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கும். அவர்கள் மூன்றாம் காலகட்டம் என்று முடிவு செய்தால் ஐந்தாம் எண் எஞ்சின் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடமாட்டார்கள். பர்ஸுக்கு நல்லது.

---

கூட்டுவண்டி:

ஆள் சேர்ந்து செய்வதும் ஒரு காரணம்தான். டி-டிராக் என்ற தண்டவாளப் பெட்டிகளைத் தேடிப் பாருங்கள்: 'என்' ஸ்கேல், ஒரு பெட்டி 308 மி.மீ. அகலம், மேலே 310 மி.மீ. தண்டவாளம், இருபுறமும் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். மேஜைமேல் வைத்து ஒன்றோடொன்று தள்ளினால் மாட்டிக்கொள்ளும். ஒயர் நிற வரிசை நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். இதை ஒருவர் மாற்றிப் போட்டால் கூட்டமே ஷார்ட். சொந்தப் பலகை முடிகிறவரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்றது.

---

புதுப்பலகை:

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு யோசித்தால் எனக்கு இரண்டு ஆசை: ஒரு ரயில் தானாகச் சுற்ற வேண்டும், அது சுற்றும்போது நான் கையால் ஷன்டிங் செய்ய வேண்டும். நீளப் பெட்டி மேல் மோகம் இல்லை, சரக்கு வேகன் போதும். எச்ஓ-வில் இரண்டும் சேருமா? வட்டத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பாதை போட்டு அதிலிருந்து சைடிங் பிரிக்கலாம் என்று வரைந்தேன்.

---

சிவி29:

மூலைக்கு மூலை வேண்டாம். அந்தக் குறுக்குப் பாதையில் போகும் ரயில் வட்டத்தில் எதிர்த்திசையில் வந்து சேரும். அது ரிவர்ஸ் லூப். இடது ரெயில் வலது ரெயிலைத் தொடும், போட்டவுடன் ஷார்ட். போட்டே ஆக வேண்டுமானால் குறுக்குப் பாதையின் இரு முனையிலும் இரண்டு ரெயிலையும் துண்டித்து, நடுவே தானியங்கித் துருவமாற்றி வைக்க வேண்டும். துண்டித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். முதல் லேஅவுட்டுக்கு இவ்வளவு அகலக்கால் எதற்கு?

---

பாயின்ட்ஸ்மேன்:

சேரும். 56 செ.மீ. ஆரத்தில் வெளிவட்டம் போடுங்கள். அதற்குள் நடுக்கோட்டில் இடைவெளியெல்லாம் போக 2.2 மீட்டர் மிஞ்சும், 185 செ.மீ. இங்கிள்நூக் அதில் அடங்கிவிடும். சைடிங்குகளுக்கு நடுவே 5 செ.மீ. விடுங்கள், விரல் நுழைய வேண்டுமே. இரண்டையும் இப்போதைக்கு இணைக்காதீர்கள்! முட்டுப்பாதை வட்டத்தோடு சேர்ந்தால் நீங்கள் வேகனை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றுகிற ரயில் நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் கேட்டதற்கே விரோதம்.

நடுவில் கை எட்ட 60 செ.மீ. நீட்ட வேண்டும், அதனால் முன்பக்கம் மரம், கம்பம் எதுவும் நட வேண்டாம். சட்டைக்கை மாட்டும். பலகைக்குச் சக்கரம் இருப்பதால் பின்பக்கம் போய்க்கொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு வேலை. பாயின்ட்களின் வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டுப் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். 15 செ.மீ. நீளத்தில் எட்டு அட்டைத்துண்டு வெட்டி எண் எழுதி, எஞ்சினுக்கு 17 செ.மீ.-ல் ஒன்று. சீட்டுக் குலுக்கிக் கையால் தள்ளிப் பாருங்கள். அட்டை பாயின்ட்டின் நாக்கைத் தாண்டி முழுதாக முட்டுப்பாதைக்குள் வர வேண்டும், ஒரு செ.மீ. துருத்தினாலும் பாயின்ட் மாறாது. பெரும்பாலும் அங்கேதான் 2 செ.மீ. பற்றாமல் போகும்.